சப்சோனிக் வேட்டை ரைபிளுக்கு எடை குறைந்த ஸ்கோப்: தேர்வு முதல் ஜீரோ வரை முழுமையான வழிகாட்டி

சைலன்சர் (சப்ரஸர் என்பதும் இதுதான்) மாட்டிய ரைபிளில் ஒலிவேகத்தைத் தாண்டாத, அதாவது சப்சோனிக், குண்டைச் சுடுபவர்கள் ஸ்கோப் வாங்கும்போது பெரும்பாலும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள். 300, 400 மீட்டர் சுடும் ரைபிளுக்கு யாரோ எழுதிய ஆலோசனையைப் படித்துவிட்டு அதே ஸ்கோப்பை இதற்கும் வாங்கிவிடுகிறார்கள். 3–15 உருப்பெருக்கம், 50 மி.மீ. முன்லென்ஸ், முக்கால் கிலோ எடை. அந்த ஸ்கோப்பில் ஒரு குறையும் இல்லை. இந்த ரைபிளின் வேலை வேறு, அவ்வளவுதான்.

இங்கே ஸ்கோப்பை ஓர் அளவுகோலாகப் பாருங்கள். குண்டு எவ்வளவு கீழே இறங்கும் என்பதை அது சரியாகக் காட்டினால் போதும். பெரிதாக்கிக் காட்டுவதெல்லாம் இரண்டாம்பட்சம். அப்படிப் பார்த்து வாங்கினால் எடை தானாகவே குறைந்துவிடும். எடையை மட்டும் பார்த்து வாங்கினால் எடை குறையும், குறி தப்பும்.

படிகளுக்குள் போவதற்கு முன் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள். சப்ரஸர் வைத்திருப்பது சில நாடுகளில் சாதாரணம், சில நாடுகளில் குற்றம். வேட்டையே தடை செய்யப்பட்ட இடங்களும் உண்டு. சப்ரஸருக்கு அனுமதி இருந்தாலும் சப்சோனிக் குண்டால் எந்த விலங்கைச் சுடலாம் என்பது தனிக் கேள்வி. உதாரணமாக, ஜெர்மனியில் ரோ மானைச் சுட, 100 மீட்டரில் குண்டுக்குக் குறைந்தது 1,000 ஜூல் ஆற்றல் இருக்க வேண்டும். 300 பிளாக்அவுட் என்ற தோட்டா வகையின் 220 கிரெய்ன் (சுமார் 14 கிராம்) சப்சோனிக் குண்டு பேரலை விட்டுக் கிளம்பும்போதே சுமார் 730 ஜூல்தான். அங்கே அந்தக் குண்டோடு மான் வேட்டைக்குப் போகவே முடியாது. உங்கள் இடத்தின் விதி என்ன, எந்த விலங்குக்கு என்ன அனுமதி என்பதை எழுத்தில் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

முதல் படி: உங்கள் குண்டு எப்படி விழுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒலியின் வேகம் 20 டிகிரி செல்சியஸில் நொடிக்கு சுமார் 343 மீட்டர். பூஜ்ஜிய டிகிரியில் 331. மைனஸ் 10-இல் 325. அதனால் சப்சோனிக் தோட்டா செய்பவர்கள் பொதுவாக 310 முதல் 325 வரை வைத்துக்கொள்கிறார்கள். கோடையில் சத்தமே இல்லாமல் போன தோட்டா, உறைபனிக் காலையில் 'பட்'டென்று வெடித்தால் துப்பாக்கியைச் சந்தேகிக்க வேண்டாம். காற்று குளிர்ந்ததில் ஒலிவேகம் இறங்கி வந்து குண்டின் வேகத்தைத் தொட்டிருக்கும்.

இந்த வேகத்தில் குண்டு நேராகப் போவதில்லை. கல் எறிந்தது போல வளைந்து போகிறது. நொடிக்கு 320 மீட்டர் வேகத்தில் கிளம்பும் 220 கிரெய்ன் குண்டு, பேரலுக்கு 4 செ.மீ. மேலே ஸ்கோப், 50 மீட்டரில் ஜீரோ (குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்த தூரம்) என்று வைத்துக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய இப்படி வரும்:

25 மீட்டரில் குறியிலிருந்து 1 செ.மீ. மேலே.
50 மீட்டரில் சரியாகக் குறியில்.
75 மீட்டரில் 7.5 செ.மீ. கீழே.
100 மீட்டரில் 21 செ.மீ. கீழே.
150 மீட்டரில் 70 செ.மீ. கீழே.

கடைசி இரண்டு வரிகளை இன்னொரு முறை பாருங்கள். 90 மீட்டருக்கும் 110 மீட்டருக்கும் நடுவில் மட்டும் குண்டு கிட்டத்தட்ட 14 செ.மீ. இறங்குகிறது. அதாவது 100 மீட்டர் என்று நீங்கள் நினைத்த இடம் உண்மையில் 110 ஆக இருந்தால் ஏழெட்டு செ.மீ. போய்விட்டது. வேகமான ரைபிளில் இந்தப் பத்து மீட்டர் பிழையை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். இங்கே அது காயம்பட்டு ஓடும் விலங்கு.

இன்னொரு விஷயம், நேரம். 100 மீட்டர் போய்ச் சேர இந்தக் குண்டுக்குச் சுமார் 0.32 நொடி ஆகிறது. நொடிக்கு ஒரு மீட்டர் என்று மெதுவாக நடந்துபோகும் பன்றி அதற்குள் முப்பது செ.மீ. நகர்ந்துவிடும். ஆகவே நிற்கும் விலங்கை மட்டும்தான் சுட வேண்டும். என் எல்லை 75 மீட்டர். காற்றில்லாத நாளில், தூரம் அளந்து, தாங்கி வைத்துச் சுடும்போது 100. அதற்கு மேல் ஸ்கோப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் துப்பாக்கியைத் தூக்குவதில்லை.

நீங்கள் சுடுவது 22 எல்.ஆர். சப்சோனிக் என்றால் கதை இன்னும் செங்குத்தாக இருக்கும். அந்தச் சின்ன குண்டு காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். முயல், அணில் அளவு விலங்குக்கு 50, 60 மீட்டரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

உங்கள் எல்லையை ஒரு எண்ணாக எழுதி வையுங்கள். இனி வரும் ஒவ்வொரு முடிவும் அந்த எண்ணிலிருந்துதான் பிறக்கும்.

இரண்டாம் படி: உருப்பெருக்கத்தைக் குறையுங்கள்

4 மடங்கு பெருக்கினால் 75 மீட்டரில் நிற்கும் விலங்கு வெறுங்கண்ணுக்கு 19 மீட்டரில் நிற்பது போலத் தெரியும். 2.5 மடங்கில் 30 மீட்டர். 19 மீட்டரில் நிற்கும் பன்றியின் தோள் எது, காது எது என்று தெரியாதவர்கள் இல்லை. அதற்கு மேல் பெருக்கினால் கிடைப்பது பெரும்பாலும் கை நடுக்கத்தின் பெரிய படம்தான். பார்வைப் பரப்பும் சுருங்கும். புதருக்குள் நாலு பன்றி இருக்கும் இடத்தில் ஒன்று மட்டும் தெரியும்.

பெரிய விலங்குக்கு 2 முதல் 5 வரை இருந்தால் தாராளம். 22-இல் சின்ன விலங்கின் தலையைக் குறிவைப்பவர்களுக்கு 6 அல்லது 7 உதவும். 10-க்கு மேல் போகும் ஸ்கோப்பை இந்த ரைபிளில் வைக்க ஒரு காரணத்தையும் நான் இதுவரை பார்க்கவில்லை.

அப்படியானால் 1–6, 1–8 வகை ஸ்கோப்புகள் சரியாகப் பொருந்துமே என்று தோன்றும். பொருந்தும், ஆனால் எடை இடிக்கும். உண்மையான 1 மடங்கில் தொடங்கி 6, 8 மடங்கு வரை விளிம்பு வளையாமல் காட்ட உள்ளே நிறைய லென்ஸ் வேண்டும். கண்ணாடி கனமான பொருள். வோர்டெக்ஸ் ரேஸர் எச்டி ஜென் 2-ஈ 1–6 சுமார் 610 கிராம். நைட்ஃபோர்ஸ் என்எக்ஸ்8 1–8 சுமார் 480 கிராம். இரண்டும் மவுண்ட் (ஸ்கோப்பை ரைபிளில் பொருத்தும் தாங்கி) இல்லாமல். இதற்கு நேர்மாறாக, லூபோல்டின் எஃப்எக்ஸ்-2 அல்ட்ராலைட் என்ற 2.5 மடங்கு, 20 மி.மீ. நிலையான ஸ்கோப் 185 கிராமுக்குப் பக்கம்தான். 1.5–5, 2–7 என்று பழைய பாணியில் வரும் ஒரு அங்குலக் குழாய் ஸ்கோப்புகள் பெரும்பாலும் 250-இலிருந்து 350 கிராமுக்குள் அடங்கிவிடும்.

ரெட் டாட் (பெருக்காமல் ஒரு சிவப்பு ஒளிப்புள்ளியை மட்டும் காட்டும் குறிகாட்டி) வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எய்ம்பாயின்ட் மைக்ரோ எச்-2 போன்றவை மவுண்ட் இல்லாமல் 100 கிராமுக்குள்தான். உங்கள் எல்லை 60 மீட்டர், சுடுவது பெரிய விலங்கு என்றால் தாராளமாக வைக்கலாம். ஆனால் 2 எம்.ஓ.ஏ. (கோண அளவு; ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குதான் ஒரு எம்.ஓ.ஏ.) புள்ளி 100 மீட்டரில் கிட்டத்தட்ட 6 செ.மீ. இடத்தை மறைக்கும், கீழே குறியும் இருக்காது. 21 செ.மீ. மேலே பிடி என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டு, விலங்கின் முதுகுக்கு மேலே வெறும் காற்றில் புள்ளியை வைத்துச் சுடுவது எனக்கு ஒத்துவராது.

ரெட் டாட் புள்ளி வால் முளைத்தது போல, சிதறிய நட்சத்திரம் போலத் தெரிந்தால் உங்கள் கண்ணில் சிதறல் பார்வை (அஸ்டிக்மாட்டிசம்) இருக்கலாம். அப்போது கண்ணாடியில் குறி பொறித்த பிரிசம் ஸ்கோப்பைப் பாருங்கள். பேட்டரி செத்தாலும் குறி இருக்கும். கண்ணை மிக அருகில் வைக்க வேண்டியிருக்கும் என்பது அதன் தொந்தரவு.

மூன்றாம் படி: ரெட்டிகிளைத் தேர்ந்தெடுங்கள். நேரத்தை இங்கே செலவிடுங்கள்

கடைக்காரர்கள் லென்ஸ் பூச்சைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். சப்சோனிக் ரைபிளுக்கு ரெட்டிகிள்தான், அதாவது ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகள்தான், ஸ்கோப்பின் உயிர்.

மேலே சொன்ன இறக்கத்தைக் கோண அளவில் மாற்றிப் பாருங்கள். ஒரு மில் என்பது 100 மீட்டரில் 10 செ.மீ. அப்படியானால் 75 மீட்டரில் நம் குண்டுக்கு 1 மில், 100 மீட்டரில் 2.1 மில், 150-இல் 4.7 மில். எம்.ஓ.ஏ. கணக்குப் பழகியவர்களுக்கு 100 மீட்டரில் சுமார் 7. ஆகவே நடுக்கோட்டுக்குக் கீழே 1 மில், 2 மில் என்று இரண்டு சுத்தமான கோடு இருந்தால் போதும். கிறிஸ்துமஸ் மரம் போலக் கிளைவிட்டுப் படர்ந்த ரெட்டிகிள் தேவையே இல்லை. மாலை நேரத்தில் அந்தக் கிளைகள் புதரோடு புதராகக் கலந்துவிடும்.

வேகமான தோட்டாவுக்காக 200, 300, 400 என்று எண் போட்டு வரும் ரெட்டிகிள் உங்களிடம் ஏற்கெனவே இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். எண்ணை மறந்துவிட்டு, ஒவ்வொரு கோடும் நடுவிலிருந்து எத்தனை மில் கீழே என்று கையேட்டில் பாருங்கள். 2 மில்லுக்குப் பக்கத்தில் ஒரு கோடு இருந்தால் அதுதான் இனி உங்கள் 100 மீட்டர் கோடு.

இப்போது பலருக்கும் குழப்பம் தரும் இடம். ரெட்டிகிள் ஸ்கோப்புக்குள் எந்தத் தளத்தில் இருக்கிறது? ஃபர்ஸ்ட் ஃபோகல் பிளேன் என்றால் பெருக்கத்தைத் திருப்பும்போது படத்தோடு சேர்ந்து ரெட்டிகிளும் பெரிதாகி, சிறிதாகும். 2 மில் கோடு எந்தப் பெருக்கத்திலும் 2 மில்தான். செகண்ட் ஃபோகல் பிளேன் என்றால் ரெட்டிகிள் ஒரே அளவில் நிற்கும், படம் மட்டும் மாறும். அதில் கோட்டின் அளவு ஒரே ஒரு பெருக்கத்தில்தான் உண்மை. பெரும்பாலும் உச்சப் பெருக்கத்தில்.

நான் இதில் ஒரு முறை நன்றாக ஏமாந்திருக்கிறேன். 2–8 ஸ்கோப், செகண்ட் ஃபோகல் பிளேன், கோடுகள் 8-இல் சரி. பகலில் 8-இல் வைத்து 100 மீட்டர் அட்டையில் அழகாகக் குழுவாக விழுந்தது. வெளிச்சம் மங்கியதும் படம் கறுத்துப்போனது. யோசிக்காமல் 4-க்குத் திருப்பிவிட்டேன். அதே 2 மில் கோட்டை நடுவில் வைத்துச் சுட்டேன். மூன்று குண்டும் கறுப்பு வட்டத்துக்கு 20 செ.மீ. மேலே, அட்டையின் வெள்ளை விளிம்பில் ஒட்டிக்கொண்டு நின்றன. பெருக்கத்தைப் பாதியாக்கினால் 2 மில் கோடு 4 மில் ஆகிவிடும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தும் கை திருப்பிவிட்டது. அட்டையாக இருந்ததால் தப்பித்தேன்.

சரி, ஃபர்ஸ்ட் ஃபோகல் பிளேன் வாங்கிவிட்டால் தீர்ந்ததா? குறைந்த பெருக்கத்தில் அதன் கோடுகள் முடி போல மெலிந்துவிடும், பெரும்பாலும் எடையும் கூடுதல். அதனால்தான் நிலையான பெருக்கம் உள்ள ஸ்கோப்பை நான் முதலில் சிபாரிசு செய்கிறேன். 4 மடங்கு என்றால் எப்போதும் 4 மடங்கு. திருப்ப எதுவும் இல்லை, மறக்கவும் எதுவும் இல்லை. உள்ளே அசையும் பாகமும் குறைவு, எடையும் குறைவு. இன்று சந்தையில் இந்த வகை அருகிவிட்டது. பழையது நல்ல நிலையில் கிடைத்தால் விடாதீர்கள்.

மாறும் பெருக்கம் வேண்டும், ஆனால் ரெட்டிகிள் சாதாரண டூப்ளெக்ஸ்தான் என்பவர்களுக்கு ஒரு பழைய கைமருந்து இருக்கிறது. டூப்ளெக்ஸில் மெல்லிய நடுக்கோடு கீழே போய்த் தடித்த கம்பத்தைத் தொடும் அல்லவா? அந்தக் கம்பத்தின் நுனியையே உங்கள் 100 மீட்டர் குறியாக்கிக்கொள்ளலாம். ஒரு அட்டையில் 21 செ.மீ. இடைவெளியில் இரண்டு படுக்கைக் கோடுகளைத் தடித்த பேனாவால் போடுங்கள். அட்டையை 100 மீட்டரில் நிறுத்துங்கள். துப்பாக்கியைக் காலி செய்து, மணல் மூட்டையில் அசையாமல் வைத்து, ரெட்டிகிளின் நடுவை மேல்கோட்டில் வையுங்கள். இப்போது பெருக்க வளையத்தை மெதுவாகத் திருப்பினால் ஒரு கட்டத்தில் கம்பத்தின் நுனி கீழ்க்கோட்டைத் தொடும். அந்த இடத்தில் வளையத்தில் ஒரு சொட்டு நகச்சாயம். இனி அந்தப் பொட்டில் வைத்தால் நுனி 100 மீட்டர். செகண்ட் ஃபோகல் பிளேனின் குறை இங்கே வசதியாகிவிட்டது. உங்கள் தோட்டாவின் உண்மையான இறக்கம் 19 செ.மீ. என்றால் கோடுகளையும் 19-இல் போடுங்கள்.

நான்காம் படி: எடையை முழுதாகக் கூட்டுங்கள்

விளம்பரத்தில் இருக்கும் எடை ஸ்கோப்பின் எடை மட்டும். ரைபிளின் மேல் ஏறுவது ஸ்கோப், ரிங் அல்லது மவுண்ட், திருகு, லென்ஸ் மூடி எல்லாம் சேர்ந்தது. 300 கிராம் ஸ்கோப் வாங்கிவிட்டு அதை 230 கிராம் ஒற்றை மவுண்டில் உட்கார வைத்த ஒருவரை எனக்குத் தெரியும். வேறு யாரும் இல்லை, நான்தான். சமையலறைத் தராசில் தனித்தனியாக வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. இரண்டு அலுமினிய ரிங் அதே வேலையை நூறு கிராமுக்குள் முடித்துவிடும்.

எல்லாம் சேர்த்து 400 கிராம். இதுதான் நான் வைத்துக்கொள்ளும் உச்சவரம்பு.

ஆனால் ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சப்ரஸர் மாட்டியதும் ரைபிளின் மூக்கு கனக்கிறதே, அதை எடை குறைந்த ஸ்கோப் சரி செய்யாது. 350 கிராம் சப்ரஸர் சமநிலைப் புள்ளியிலிருந்து அரை மீட்டர் முன்னே தொங்குகிறது. நீட்டிய கையில் பிடித்த சொம்பு மாதிரி. ஸ்கோப் அந்தப் புள்ளிக்கு ஏறக்குறைய நேர் மேலே உட்கார்ந்திருக்கிறது. அங்கே 200 கிராம் குறைத்தால் தோளில் சுமக்கும் சுமை குறையும், துப்பாக்கி கையில் பக்கவாட்டில் புரண்டு விழும் தன்மையும் குறையும். மூக்கு அப்படியேதான் இருக்கும். மூக்கு கனத்தைக் குறைக்க பேரலைப் பாருங்கள். 300 பிளாக்அவுட் போன்றவற்றில் சப்சோனிக் தோட்டாவின் சிறிய அளவு மருந்து குட்டையான பேரலுக்குள்ளேயே எரிந்து முடிந்துவிடும். சட்டம் அனுமதிக்கும் அளவுக்குப் பேரலைச் சுருக்கினாலும் பெரிதாக எதையும் இழக்க மாட்டீர்கள்.

எடையைக் குறைக்கும்போது எதை விடலாம்? 34 மி.மீ. குழாய், பெரிய வெளி டர்ரெட் (குறியை நகர்த்தும் திருகு), 50 மி.மீ. முன்லென்ஸ், பக்கத்தில் திருகும் பேரலக்ஸ் (கண் நகர்ந்தால் குறியும் நகர்வது போலத் தெரியும் பிழை) குமிழ் எல்லாவற்றையும் விடலாம். எதை விடக்கூடாது? திருகினால் திருகிய அளவு நகர்ந்து, திரும்ப வைத்தால் அதே இடத்துக்கு வரும் உள் இயந்திரம். மலிவான எடை குறைந்த ஸ்கோப்புகள் முதலில் கோட்டைவிடுவது இதில்தான்.

மிச்சம் பிடித்த எடையில் ஒரு லேசர் தூரமானியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். 200 கிராம் கூட வராது. பத்து மீட்டர் பிழைக்கு ஏழெட்டு செ.மீ. விலை கொடுக்கும் ரைபிளுக்கு, எந்த விலையுயர்ந்த லென்ஸும் இதற்கு ஈடாகாது.

ஐந்தாம் படி: மாலை வெளிச்சத்தில் பாருங்கள்

முன்லென்ஸின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளி வட்டத்தின் அளவு கிடைக்கும். 20 மி.மீ. லென்ஸ், 2.5 மடங்கு என்றால் 8 மி.மீ. 32-ஐ 4-ஆல் வகுத்தாலும் 8. இருட்டில் இளைஞரின் கண்மணி அதிகபட்சம் 7 மி.மீ. அளவுக்கு விரியும், வயதானால் 5-க்கு வந்துவிடும். அதற்கு மேல் வரும் ஒளி கண்ணுக்குள் போகாது. ஆக, குறைந்த பெருக்கம் வைத்துக்கொண்டால் சின்ன லென்ஸே போதும். பெரிய லென்ஸ் சுமப்பது பெரிய பெருக்கத்துக்காகத்தான். அதை நாம் இரண்டாம் படியிலேயே விட்டுவிட்டோம்.

கடைக்குள் குழல் விளக்கின் கீழே எல்லா ஸ்கோப்பும் பளிச்சென்றுதான் இருக்கும். முடிந்தால் சூரியன் மறைந்து கால் மணி நேரம் கழித்து வெளியே கொண்டுபோய், ஒரு புதரின் அடியில் இருக்கும் கறுத்த நிழலைப் பாருங்கள். அங்கே ரெட்டிகிள் தெரிகிறதா? படம் தெரிந்து ரெட்டிகிள் தெரியவில்லை என்றால் ஒளிரும் ரெட்டிகிள் வேண்டும். அதன் மிகக் குறைந்த அளவு உண்மையிலேயே மங்கலாக இருக்க வேண்டும். சில ஸ்கோப்புகளில் மிகக் குறைந்ததே கண்ணைக் கூசவைத்து, இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கெடுத்துவிடும்.

ஆறாம் படி: சில சில்லறை விஷயங்கள்

பேரலக்ஸ்: பெரும்பாலான வேட்டை ஸ்கோப்புகள் 100 கெஜத்துக்கோ 150 கெஜத்துக்கோ பொருத்தப்பட்டவை, 22-க்கானவை 50, 60 கெஜத்துக்கு. 100-க்குப் பொருத்திய 40 மி.மீ. ஸ்கோப்பில் 50-இல் இருக்கும் குறியைக் கண்ணை ஓரத்தில் வைத்துப் பார்த்தாலும் அதிகபட்சப் பிழை ஒரு செ.மீ.தான். 20 மி.மீ. லென்ஸில் அதில் பாதி. பன்றிக்கு இது பொருட்டே இல்லை. அணிலுக்குப் பொருட்டு, 22 வைத்திருப்பவர்கள் குறைந்த தூரத்துக்குப் பொருத்தியதை வாங்குங்கள்.

கண் தூரம்: உதை அதிகம் இல்லாத ரைபிள் என்பதால் 8 முதல் 9 செ.மீ. போதும். அதைவிட, தலை சற்று விலகினாலும் படம் கறுக்காமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

புகை: தானியங்கி ரைபிளில் சப்ரஸர் மாட்டினால் வாயு பின்னால் தள்ளப்பட்டு முகத்தில் அடிக்கும், கண்பக்க லென்ஸில் கரிப்புள்ளி படியும். ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்துப் பூட்டும் போல்ட் வகையில் இந்தத் தொல்லை இல்லை. லென்ஸை ஊதிவிட்டு, தூரிகையால் தட்டிய பிறகுதான் துணி. துணியை முதலில் வைத்தால் கரித்துகள் பூச்சைக் கீறும்.

1 அல்லது 1.5 மடங்கில் வைத்தால் படத்தின் அடியில் சப்ரஸர் ஒரு மங்கிய நிழலாகத் தெரியலாம். புதிதாக வாங்கியவர்கள் பதறுவார்கள். குறியை மறைக்காதவரை விட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: பொருத்துங்கள்

சப்ரஸரை மாட்டுவதற்கு முன் அது இல்லாமல் 25 மீட்டரில் ஒரு அட்டையில் சில குண்டுகள் சுடுங்கள். ஓட்டைகள் வட்டமாக இருக்க வேண்டும். நீள்வட்டமாக, சாவித்துளை போல இருந்தால் குண்டு நிலைகொள்ளாமல் தள்ளாடிப் போகிறது என்று அர்த்தம். மெதுவாகப் போகும் நீளமான குண்டுக்கு பேரலின் சுழற்சி போதவில்லை. அந்த நிலையில் சப்ரஸரை மாட்டினால் உள்தட்டுகளில் குண்டு இடிக்கும். தோட்டாவை மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

ஸ்கோப்பை எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக வையுங்கள். கன்னம் கட்டையில் பதிந்தபடியே கண் நேராக லென்ஸின் நடுவுக்கு வர வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைத்து, கண்ணைத் திறந்தால் முழுப் படம் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் ஸ்கோப்பை நகர்த்துங்கள், கழுத்தை நீட்டிப் பழகாதீர்கள். ரெட்டிகிளின் நிற்கும் கோட்டை ஒரு தொங்கும் நூல்குண்டோடு ஒப்பிட்டு நேராக்குங்கள். ரிங் திருகுகளுக்கு முறுக்குவிசைத் திருகியைப் பயன்படுத்துங்கள். பொதுவாக 2 நியூட்டன் மீட்டருக்குப் பக்கத்தில் வரும்; ரிங் செய்தவர் சொல்லும் எண்தான் கடைசி வார்த்தை. எடை குறைந்த ஸ்கோப்பின் குழாய்ச் சுவர் மெல்லியது. கைபலத்தில் இறுக்கினால் நசுங்கும்.

எட்டாம் படி: ஜீரோ செய்யுங்கள்

வேட்டையில் எப்படிச் சுடுவீர்களோ அப்படியே ஜீரோ செய்யுங்கள். சப்ரஸர் மாட்டியபடி, அதே தோட்டாவில். சப்ரஸரைக் கழற்றினாலும் மாட்டினாலும் குண்டு விழும் இடம் மாறும். சப்ரஸர் இருந்தாலும் காதுக்குப் பாதுகாப்பு போடுங்கள். பின்னால் மண் மேடு இருக்கட்டும். மெதுவான கனத்த குண்டு கல்லிலோ தண்ணீரிலோ பட்டுத் தெறித்து வெகுதூரம் போகும்.

முதலில் 25 மீட்டர். 0.1 மில் கிளிக் (டர்ரெட்டைத் திருகும்போது ஒரு தட்டு) ஸ்கோப்பில் அங்கே ஒரு கிளிக் இரண்டரை மி.மீ. அட்டையில் 5 செ.மீ. கீழே விழுந்தால் 20 கிளிக் மேலே. கால் எம்.ஓ.ஏ. ஸ்கோப்பில் ஒரு கிளிக் 1.8 மி.மீ., ஆக 28. குறிக்கு ஒரு செ.மீ. மேலே குழு விழுந்ததும் 50-க்கு நகருங்கள்.

50-இல் ஜீரோ என்பது வழக்கம். நான் 60-இல் வைக்கிறேன். அப்போது 40 மீட்டரில் குண்டு சுமார் 2.7 செ.மீ. மேலே போகும், 75-இல் சுமார் 4.7 செ.மீ. கீழே வரும். அதாவது 75 மீட்டர் வரை எதையும் யோசிக்காமல் நடுக்கோட்டை வைத்துச் சுட்டால் 5 செ.மீ.க்குள் விழும். பெரிய விலங்குக்கு அது போதும். 22-இல் சின்ன விலங்கு வேட்டையாடுபவர்களுக்கு 50-தான் சரி.

பிறகு 75, 100 மீட்டரில் உண்மையாகவே சுட்டு, இறக்கத்தை டேப்பால் அளங்கள். நான் மேலே கொடுத்த எண்கள் ஒரு தோட்டாவுக்குப் போட்ட கணக்கு. உங்கள் அட்டையில் விழும் ஓட்டைதான் உங்கள் எண். ஒவ்வொரு ஐந்து குண்டுக்கும் சப்ரஸரை ஆற விடுங்கள். சூடான சப்ரஸரிலிருந்து எழும் அனல் ஸ்கோப்புக்கு முன்னே அலையடித்து, குறி நீந்துவது போலத் தெரியும். வேட்டையில் ஒரு குண்டு, இரண்டு குண்டு என்பதால் இது பிரச்சினை ஆகாது. ஜீரோ செய்யும் நாளில் ஆகும்.

அப்புறம் டர்ரெட்டைச் சோதியுங்கள். ஒரு குழு சுட்டுவிட்டு, 2 மில் மேலே, 2 மில் வலது, 2 மில் கீழே, 2 மில் இடது என்று ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரு குழு சுட்டு, கடைசியாகத் தொடங்கிய இடத்தில் மறுபடி ஒரு குழு. அட்டையில் சதுரம் வர வேண்டும், முதல் குழுவும் கடைசிக் குழுவும் ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். விழவில்லை என்றால் உத்தரவாதம் இருக்கும்போதே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஒரே ரைபிளில் வேகமான தோட்டாவும் சுடுபவர்களுக்குக் கூடுதல் வேலை ஒன்று உண்டு. சப்சோனிக்கில் ஜீரோ செய்த ஸ்கோப்போடு 110 கிரெய்ன் வேகக் குண்டைச் சுட்டால் 100 மீட்டரில் அது வெகு மேலே போகும். பக்கவாட்டிலும் ஒன்றிரண்டு செ.மீ. விலகலாம். இரண்டுக்கும் தனித்தனியாகச் சுட்டு, வித்தியாசத்தைக் கிளிக்கில் எண்ணி, மேல்கீழ், பக்கவாட்டு இரண்டையும் ஒரு சின்ன ஒட்டுத்தாளில் எழுதிக் கட்டையின் இடதுபக்கம் ஒட்டுங்கள். அதன் மேல் ஒளிபுகும் டேப் ஒன்று. பென்சிலில் எழுதினால் மழையில் எழுத்து கரையாது.